கடலில் நிற்பவனின் மனைவி

ஹோகன் கடலில் தாழ்ந்து இருபத்தெட்டு வருஷம் கழித்து, ஆனி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, அவனுக்கும் நகுலேஸ்வரிக்கும் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை மேலே வரவில்லை என்று யாரும் குறை சொல்லவில்லை. அவனுடைய தாய் ஹில்டா இறங்குதுறையின் கடைசிப் படியில் நின்று ஒரு கயிற்றைப் பிடித்திருந்தாள். கயிற்றின் மறுமுனை தண்ணீருக்குள் இருந்தது. பாதிரியார் கேட்கவேண்டியதைக் கேட்டபோது கயிறு இரண்டு தரம் இழுபட்டது. சம்மதம் என்று பாதிரியார் குறித்துக்கொண்டார். பிறகு பதிவுப் புத்தகத்தை ஒரு மீன்பெட்டியில் வைத்து அதே கயிற்றில் கட்டி இறக்கினார்கள். கடல் வற்றி முடிந்து நீர் திரும்பும்வரை காத்திருந்து தூக்கியபோது தாள் நனையவில்லை, மணமகனின் இடத்தில் கையெழுத்து இருந்தது. இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் எழுதுவான், வாத்தியாரிடம் அடி வாங்குவான் என்று ஹில்டா சொன்னாள். எல்லோரும் மீன்சூப் குடித்துவிட்டு இரண்டு மணி வேலைக்குத் தொழிற்சாலைக்குத் திரும்பினார்கள்.

அது பூமியின் வடக்கு விளிம்பில் இருந்த ஒரு சின்னத் தீவு. நாற்பத்துமூன்று வீடுகள், ஒரு மீன் தொழிற்சாலை, ஒரு தேவாலயம், வாரத்துக்கு இரண்டு தரம் பெருநிலத்திலிருந்து வந்துபோகும் ஒரு கப்பல், அவ்வளவுதான். கோடையில் சூரியன் இறங்காது, மாரியில் ஏறாது. கடலில் போய் உடல் கரையொதுங்கியவனுக்கு அந்தத் தீவில் மணி அடிப்பார்கள், ஒதுங்காதவனுக்கு அடிக்கமாட்டார்கள். ஒதுங்காதவனைச் செத்தவன் என்று அவர்கள் சொல்வதில்லை. ‘கடலில் நிற்கிறார்’ என்பார்கள், வேலை முடியாமல் நிற்கிற ஆளைச் சொல்வதுபோல. அவன் பெயர் புத்தகத்தில் அப்படியே இருக்கும், அவனுக்கு வாக்குச்சீட்டு வரும், அவன் கோட்டு கொக்கியில் தொங்கும், தொழிற்சாலையில் காலையில் பெயர் கூப்பிடும்போது அவன் பெயரையும் கூப்பிடுவார்கள், யாராவது ஒருவர் ‘கடலில்’ என்று பதில் சொல்வார், மேலாளர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். ஹோகன் போன படகில் ஏழு பேர் போயிருந்தார்கள். ஏழு பேரும் இருபத்தெட்டு வருஷமாகக் கடலில் நின்றார்கள்.

நகுலேஸ்வரி அங்கே மீன் வெட்டுகிற வேலைக்கு வந்தவள். மயிலிட்டிக் கடற்கரையில் பிறந்து, சண்டையில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, கடைசியில் கிளிநொச்சியில் தங்கையின் வீட்டோடு ஒதுங்கியவள். அவளுடைய புருஷன் அருள்நேசனைச் சண்டை முடிந்த கிழமையில் ஒரு பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு அனுப்புவோம் என்றார்கள். பேருந்து திரும்பிவரவில்லை. அப்போது மகள் ஆரணிக்கு ஒரு வயது. அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் நகுலா பொட்டு வைத்தாள், தாலி போட்டாள், மற்றப் பெண்களோடு வீதியோரக் கொட்டிலில் அவன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் இருந்தாள். மரணச் சான்றிதழ் தருகிறோம், வாங்கிக்கொண்டு பிழைப்பைப் பாருங்கள் என்று வந்தவர்களிடமெல்லாம், ‘உடம்பைக் காட்டுங்கோ, பிறகு கதைப்பம்’ என்று சொன்னாள். பிறகு தங்கையின் வீட்டில் பிள்ளைகள் பெருகி இடமில்லாமல் போனபோது, ஆரணியை அங்கே விட்டுவிட்டு, இரண்டு வருஷ அனுமதியில் இந்தத் தீவுக்கு வந்தாள்.

அனுமதி முடிய நான்கு மாதம் இருக்கும்போது தொழிற்சாலை மேற்பார்வையாளர் தியாகராசா அவளைக் கூப்பிட்டார். தீவில் இருந்த மற்ற ஒரே தமிழர் அவர்தான். இருபது வருஷமாக அங்கே இருப்பவர். நகுலா அவரைத் தியாகு அண்ணை என்பாள்.

“தங்கச்சி, நீட்டித் தரமாட்டாங்களாம். ஒரே ஒரு வழி இருக்கு. இந்த நாட்டு ஆளொருத்தரை முடிச்சால் வருஷா வருஷம் நீட்டலாம். மூண்டு வருஷம் போனால் நிரந்தரம். அதோட ஆரணியையும் எடுக்கலாம்.”

“ஆரை அண்ணை நான் முடிக்கிறது?”

“ஹில்டாக் கிழவியின்ர மகன் இருக்கிறான்தானே.”

“அவன் கடலில் எல்லே நிக்கிறான்.”

“அதாலதான் சொல்லுறன். உன்னைத் தொடமாட்டான், குடிக்கமாட்டான், அடிக்கமாட்டான். லூர்து முடிச்சிருக்கிறாள்தானே. கேட்டுப்பார்.”

லூர்து பிலிப்பைன்சிலிருந்து வந்தவள், மீன் வெட்டும் மேசையில் நகுலாவுக்கு எதிரே நிற்பவள், ஹோகனின் படகில் போய்க் கடலில் நிற்கிற சமையற்காரனைக் கட்டியவள். நகுலா அவளிடம் கேட்டபோது அவள் கத்தியை நிறுத்தாமல், “எனக்கு இரண்டு மகன்கள் அங்கே படிக்கிறார்கள்” என்று மட்டும் சொன்னாள். அதை நல்லது என்று எடுப்பதா கெட்டது என்று எடுப்பதா என்று நகுலாவுக்குத் தெரியவில்லை.

ஹில்டா தானே வந்து கேட்டாள். எழுபத்தைந்து வயது, ஆண்பிள்ளைபோல உயரம், கையில் தான் சுட்ட ஒரு ரொட்டி. “மனைவி இருந்தால் அவன் வரலாம்” என்றாள். “தாய் கூப்பிட்டால் விடமாட்டார்கள். மனைவி கூப்பிட்டால், அரசாங்கம் எழுதிக்கொண்டால், விடுவார்கள். மற்ற வீடுகளில் பார்த்துவிட்டேன்.” யார் விடமாட்டார்கள் என்று நகுலா கேட்கவில்லை.

ஆனால் இரண்டு புருஷன் வைத்திருக்கச் சட்டம் விடாது. கடலில் நிற்பவனைக் கட்டவேண்டுமென்றால், பேருந்தில் போனவன் செத்துவிட்டான் என்று நகுலா எழுதித் தரவேண்டும். தங்கை விண்ணப்பத்தை நிரப்பித் தபாலில் அனுப்பியிருந்தாள். கையெழுத்து மட்டும்தான் மிச்சம். பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி தேத்தண்ணி நேரத்தில், தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில், மீன்வாடை அடிக்கிற விரல்களால் நகுலா கையெழுத்துப் போட்டாள். பிறகு கழிப்பறைக்குள் போய்த் தாலியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்தாள். வெளியே வந்தபோது மணி பத்தேகால். இரண்டாவது ஓடுபட்டையில் மீன் வரத் தொடங்கியிருந்தது.

ஐப்பசியில் அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. தம்பதிகள் உண்மையாகவே ஒன்றாக வாழ்கிறார்களா என்று அறிய அதிகாரி ஒருவர் வருவார், கணவனும் மனைவியும் வீட்டில் இருக்கவேண்டும் என்று எழுதியிருந்தது. கல்யாணத்தோடு ஹில்டாவின் வீட்டுக்குக் குடிவந்திருந்த நகுலா கடிதத்தை அவளிடம் காட்டினாள். ஹில்டா அதை அலமாரிக்கு மேல் வைத்துவிட்டு, வீட்டிலிருந்த பழைய துணியையெல்லாம் கிழித்துத் தரைத்துணியாக்கத் தொடங்கினாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் ஆளுக்கு இரண்டு துணி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். கேட்காமலே மேலாளர் நகுலாவுக்கு அன்றைக்கு விடுப்புப் போட்டிருந்தார்.

குறித்த நாள் காலை எட்டு மணிக்கு ஹோகன் இறங்குதுறைப் படியில் ஏறி, வீதி வழியே நடந்து, தன் வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். மஞ்சள் எண்ணெய்ச்சட்டை, இடுப்புவரை உயர்ந்த சப்பாத்து. வழியில் கண்டவர்கள் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார்கள். போன அன்றைக்கு இருபத்தொன்பது வயது. இப்போதும் இருபத்தொன்பது வயது. ஹில்டா அவனை மேலும் கீழும் பார்த்து, “நேரமாகிவிட்டது, காலைத் துடை” என்றாள். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய், வெகு நேரம் வெளியே வராமல் நின்றாள்.

அவன் மேசைக்கருகில் கதிரையில் உட்கார்ந்தான். அவனிடமிருந்து தண்ணீர் வடிந்தது, விடாமல், சத்தமில்லாமல், ஒரு மனிதனுக்குள் இவ்வளவு தண்ணீர் இருக்க முடியாது என்று தோன்றும்வரை வடிந்தது. நகுலா துணியால் ஒற்றி வாளியில் பிழிந்து ஊற்றிக்கொண்டே இருந்தாள். அதிகாரி ஒரு பெண். சிவப்புப் பை வைத்திருந்தாள். அவள் அதுபோல் பல வீடு கண்டவள். உங்கள் மனைவி கட்டிலின் எந்தப் பக்கம் படுப்பார் என்று கேட்டாள். வலப்பக்கம், சுவரோரம் என்றான் ஹோகன். மகளின் பெயர் என்ன, வயது என்ன. ஆரணி, பன்னிரண்டு, கணக்கில் கெட்டிக்காரி, முன்பல் ஒன்று சற்றே உடைந்திருக்கிறது, கிணற்றுக்கட்டில் விழுந்தது என்றான். அதிகாரி எழுதிக்கொண்டாள். எழுந்தபோது அவளுடைய சப்பாத்து கணுக்கால்வரை நனைந்திருந்தது. வீட்டில் ஈரக்கசிவு உண்டு, திருத்தவேண்டும் என்று ஒரு வரி எழுதி, ஒரு வருஷத்துக்கு முத்திரை குத்திவிட்டுப் போனாள். மத்தியானம் ஹோகன் தாயின் கையைத் தொட்டுவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனான்.

உடைந்த பல்லைப் பற்றி நகுலா யாருக்கும் சொன்னதில்லை. ஆரணியோடு தொலைபேசியில் சிரித்துப் பேசியதோடு சரி. அடுத்த நாள் மீன்மேசையில் லூர்து அவளிடம், “வீட்டில் பேசுவதெல்லாம் அவர்களுக்குக் கீழே கேட்கும்” என்றாள். “குழாய் வழியாக. பிள்ளைகளோடு பேசும்போது வெளியே வந்து பேசு.” சற்றுப் பொறுத்து, “முதலில் ஒரு நாள். பிறகு கிழமைக்கணக்கு. பிறகு மாரி முழுவதும். நான் நான்காவது மாரிக்கு வந்திருக்கிறேன்” என்றாள்.

“உனக்கு நிரந்தரம் கிடைத்துவிட்டதே. விட்டுவிட்டுப் போகலாமே.”

“விடுவது யார்” என்றாள் லூர்து. அவளுடைய நகக்கண்களில் எல்லாம் ஈரம் ஊறி வெளுத்திருந்ததை நகுலா அன்றைக்குத்தான் பார்த்தாள்.

இரண்டாவது வருஷம் அதிகாரி வருவதற்கு முன்பே ஹோகன் வந்தான், அதிகாரி போன பிறகும் பதினெட்டு நாள் நின்றான். கெட்டவன் அல்ல. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் நகுலாவுக்கு ஏதாவது செய்யத் தெரிந்திருக்கும். அவன் கிழிந்த வலை பொத்தினான், தாயின் கதவுப் பிணைச்சலைச் சரிசெய்தான், சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடாமல் எழுந்தான், படுக்கையின் இடப்பக்க விளிம்பில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான். காலையில் மெத்தையின் இடப்பக்கம் பிழியலாம்போல நனைந்திருக்கும். ஒவ்வொரு நாளும் அந்த ஈரம் ஒரு விரற்கடை வலப்பக்கம் நகர்ந்தது. நகுலா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தீவு முழுவதும் மகிழ்ச்சியாக இருந்தது. ஹில்டாவின் முகத்தில் நிறம் வந்துவிட்டது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவனுக்கு இடம் விட்டார்கள், அவன் உட்கார்ந்த வாங்குப் பலகைக்கு முன்னால் மரத்தூள் போட்டார்கள்.

அந்த மாசியில் ஒரு காலை லூர்து வேலைக்கு வரவில்லை. மேலாளர் அனுப்பிய ஆட்கள் போய்ப் பார்த்தபோது வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே கடற்பாசி கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. கொக்கியில் இரண்டு கோட்டுகளும் இல்லை. அடுப்பில் கோப்பிக் கேத்தல் இன்னும் சூடாக இருந்தது. யாரும் தேடவில்லை. அடுத்த நாள் பெயர் கூப்பிட்டபோது லூர்துவின் பெயரையும் கூப்பிட்டார்கள். “கடலில்” என்று ஒரு குரல் சொன்னது. மேலாளர் அடுத்த பெயருக்குப் போனார்.

“அவா புருஷன்ர இடத்துக்குப் போயிட்டா, அவ்வளவுதான்” என்றார் தியாகு அண்ணை. சொல்லும்போது அவர் நகுலாவின் முகத்தைப் பார்க்கவில்லை. “உனக்கு இன்னும் ஒரு வருஷம்தானே. நிரந்தரம் கையில வந்த அண்டைக்கே நீயும் பிள்ளையும் பெருநிலத்துக்கு ஓடிடுங்கோ. நான் கப்பலில் ஏத்திவிடுறன்.”

மூன்றாவது மாரியில், தையில் வந்த ஹோகன் திரும்பிப் போகவேயில்லை. பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று, சூரியன் ஏறி இறங்காமல் நின்றது, அவன் மேசையருகில் தன் கதிரையில் இருந்தான். நகுலாவின் விரல்நுனிகள் வெளுக்கத் தொடங்கின. கடைசி விசாரணை ஆனி பத்தாம் திகதி என்று கடிதம் வந்தது; அன்றைக்கு முத்திரை விழுந்தால் நிரந்தரம்; ஆரணியின் கடவுச்சீட்டுத் தயாராக இருந்தது; அவள் குளிர்ச்சட்டை வாங்கி அதைப் போட்டுக்கொண்டு கிளிநொச்சி வெயிலில் நின்று படம் பிடித்து அனுப்பியிருந்தாள்.

வைகாசி முடிவில் ஒரு மத்தியானம் நகுலா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஹோகன் அவளைப் பார்த்து, “ரீச்சர், துடைச்சது காணும், இருங்கோ” என்றான்.

தமிழில்தான் சொன்னான். மயிலிட்டித் தமிழில் சொன்னான்.

நகுலா ஒருநாளும் எங்கேயும் படிப்பித்தவள் அல்ல. அருள்நேசன் தன் படகுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது, கரையால் போன பெண்ணொருத்தி நின்று, ‘லட்சுமிக்கு ஒரு புள்ளி விட்டுட்டியள்’ என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அவன் அவளை ரீச்சர் என்றான். கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, பேருந்தின் யன்னலுக்குள்ளிருந்து கையைக் காட்டியபோதும் ரீச்சர் என்றுதான் சொன்னான்.

துணி அவள் கையிலிருந்து வாளிக்குள் விழுந்தது.

“உமக்கு ஆர் இந்தப் பேரைச் சொன்னது?”

“அங்க ஒருத்தர். எனக்குப் பக்கத்திலதான் இருக்கிறார். அவர்தான் இந்தப் பாஷையும் சொல்லித்தந்தவர். உங்களைப் பற்றிக் கேட்டவர்.”

“அருள்நேசனோ?”

“ஓம். நரைச்ச ஆள்.”

“கொண்டுபோகேக்க அவருக்கு முப்பத்திரண்டு வயதுதான்” என்றாள் நகுலா.

“இல்லை. தலை முழுக்க நரைச்சிருந்தது. புதுசாகக் கட்டையாய் வெட்டியிருந்தது. காலில் செருப்பு இல்லை.”

நகுலா அவன் முகத்தைப் பார்த்தாள். இருபத்தொன்பது வயதில் போய், முப்பத்தொரு வருஷம் கடலில் நின்று, ஒரு மயிரும் நரைக்காத முகம். அங்கே போனவர்களுக்கு வயது ஏறுவதில்லை. அவளுக்கு அது மெல்ல மெல்ல விளங்கியது, கால்விரலில் தொடங்கி மேலே ஏறுகிற குளிர்போல.

“அவர் எப்ப அங்க வந்தவர்?”

“நீங்களும் நானும் கலியாணம் முடிச்ச வருஷம். பங்குனி. ஒரு செவ்வாய்க்கிழமை காலமை.”

“அதுக்கு முதல்?”

“அதுக்கு முதல் அவர் அங்க இல்லை.”

“அதுக்கு முதல் எங்க இருந்தவராம்?”

“சொல்லேல்லை. வெளிச்சமில்லாத இடம் எண்டு மட்டும் சொன்னவர். ஒரு நாள் ஆரோ தன்ர பேரை வெட்டின மாதிரி இருந்ததாம். எழும்பிப் பார்த்தால் எங்களோட நிண்டாராம்.” ஹோகன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “அவர் உங்களோட கோவமில்லை. ஏன் எண்டு மட்டும் கேட்கச் சொன்னவர்.”

நகுலா அன்றைக்கும் வேலைக்குப் போனாள், அடுத்த நாளும் போனாள், மீனை நடுமுள்ளோடு பிளந்து இரண்டு பக்கம் வைத்தாள், கத்தி எங்கே போகிறது என்று கை தானாகவே அறிந்திருந்தது. மூன்றாம் நாள் தியாகு அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“தங்கச்சி, இன்னும் ஒன்பது நாள். ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டு இரு. பிள்ளை வரப்போறாள். போனவர் போயிட்டார்.”

“அவர் போகேல்லை அண்ணை. நான்தான் அனுப்பினனான்.”

“ஒரு தாளில கையெழுத்துப் போட்டால் ஆரும் சாவினமோ?”

“அப்ப ஒரு தாளில கையெழுத்துப் போட்டால் இவன் எப்பிடி வந்தவன்?”

அவர் எழுந்து கதவுவரை போய்த் திரும்பி வந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில், “காணாமல்போன என்ர தம்பிக்கும் நான் போட்டனான். காணி பிரிக்கேக்க” என்றார். “சிவனேசன் எண்டு பேர். இடக்கையில் ஒரு விரல் இல்லை. அவனை அங்க கண்டவனோ எண்டு ஹோகனைக் கேட்டுச் சொல்லுவியோ?”

நகுலா கேட்டாள். ஹோகன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் அதைத் தியாகு அண்ணையிடம், அவனுக்குத் தெரியாதாம் என்று சொன்னாள்.

விசாரணைக்கு முதல்நாள் காலை அவள் ஹோகனிடம், “நான் எழுதினதை அழிச்சால் அவர் திரும்பிப் போவாரோ, முந்தி இருந்த இடத்துக்கு?” என்று கேட்டாள்.

“அழிக்கிறது எனக்குத் தெரியாது. கூப்பிட்டால் வருவம். மனிசி பேரைச் சொல்லவேணும், அரசாங்க ஆள் எழுதவேணும். எனக்கு அப்பிடித்தான்.”

எப்படி வருவார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், அவன் பொய் சொல்லத் தெரியாதவன், சொல்லியிருப்பான். அவளுக்கு அப்போது நரைத்த தலையும் வெறுங்காலும்தான் கண்ணில் நின்றன. லூர்துவின் வீட்டுக் கடற்பாசி நிற்கவில்லை.

ஆனி பத்தாம் திகதி, அதே அதிகாரி, அதே சிவப்புப் பை. ஹில்டா ரொட்டி சுட்டுக் கோப்பி போட்டிருந்தாள். நிரந்தரத்துக்கான கேள்விகளை நாடு முழுவதும் ஒரே மாதிரித்தான் கேட்பார்கள்: முதல் கேள்வி எப்போதும் கணவனின் பெயர். அதிகாரி தாளை விரித்து, பேனாவைத் திறந்து, நிமிர்ந்து பாராமலே, “உங்கள் கணவரின் முழுப்பெயர்” என்றாள்.

நகுலா மூச்சை உள்ளே இழுத்தாள். ஆரணியின் குளிர்ச்சட்டை நினைவுக்கு வந்தது; நீலம்; கை சற்று நீளம், வளர்வாள் என்று பெரிதாக வாங்கியது.

“கந்தப்பு அருள்நேசன்” என்றாள்.

அதிகாரியின் பேனா பாதிப் பெயரில் நின்றது. “இது யார்?”

“என்ர புருஷன். சண்டை முடிஞ்ச கிழமை பேருந்தில ஏத்தினவை. செத்துப்போனார் எண்டு நான் கையெழுத்துப் போட்டது பொய். எனக்கு அவர் செத்தது தெரியாது. அவர் காணாமல்தான் போனவர். அப்பிடியே எழுதுங்கோ.”

“அப்படி எழுதினால் இந்தத் திருமணம் இல்லை என்று ஆகிவிடும். நீங்கள் ஏழு நாளில் போகவேண்டும். புரிகிறதா?”

“எழுதுங்கோ” என்றாள் நகுலா. “பேரைப் பிழையில்லாமல் எழுதுங்கோ.” எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தாள்.

கடைசி எழுத்து தாளில் விழுந்ததும் ஹோகனிடமிருந்து வடிந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றது. முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அவன் சட்டை காய்ந்து, தோளில் உப்பு வெள்ளையாகப் பூத்தது. அவன் கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்தான். ஹில்டா, “இரு” என்றாள். பிறகு, “கோப்பி குடித்துவிட்டுப் போ” என்றாள். அவன் கோப்பையை எடுத்து முழுவதையும் நின்றபடியே குடித்தான், கடலிலிருந்து வந்தபின் அவன் குடித்து அவர்கள் கண்டது அது ஒன்றுதான், கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெளியே போனான். வீதியில் நின்றவர்கள் அவன் போவதைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்கள். தொடவில்லை, கழற்றினார்கள்.

அடுத்த நாள் காலை, மகன் இனிக் கடலிலும் இல்லை என்று, தேவாலய மணியின் கயிற்றை ஹில்டா தானே பிடித்து இழுத்தாள். எல்லோரும் வந்தார்கள், மீன்சூப் குடித்தார்கள், வேலைக்குத் திரும்பினார்கள். தொழிற்சாலையில் பெயர் கூப்பிடும்போது ஹோகனின் பெயர் வரவில்லை. நகுலாவின் பெயரும் வரவில்லை. அவள் கத்தியையும் ஏப்ரனையும் ஒப்படைத்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை, யாரும் அவளோடு பேசவுமில்லை. அவள் வீதியில் நடந்தால் யன்னல் திரைகள் மட்டும் ஒவ்வொன்றாக மூடின. கணவன் கடலில் நிற்கிற மற்ற வீட்டுக்காரர்கள் கதவில் புதுப் பூட்டுப் போட்டார்கள்.

ஏழாம் நாள் காலைக் கப்பலுக்கு அவள் பெட்டியோடு நின்றபோது தியாகு அண்ணை வரவில்லை. ஹில்டாதான் வந்தாள். கல்யாணத்தன்று நின்ற அதே படியில் நின்றாள்.

“நீ வருமுன் எனக்கு மகன் இருந்தான்” என்றாள். “வந்து போகாவிட்டாலும் இருந்தான். இப்போது இல்லை.”

“எனக்குத் தெரியும்” என்றாள் நகுலா. “மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை.”

“கேட்காதே.” ஹில்டா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கப்பல் கூவியது. “முதல் தடவை போனபோது, அந்தக் காலையில், அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. படகு சத்தம் போட்டது, ஓடிவிட்டான். இந்தத் தடவை வீதி மூலையில் நின்று திரும்பிப் பார்த்தான்.” பிறகு, உன் இடத்தில் இருந்தால் நானும் பெயரைச் சொல்லியிருப்பேன் என்றோ, சொல்லியிருக்கமாட்டேன் என்றோ ஏதோ ஒன்று சொன்னாள், இயந்திரச் சத்தத்தில் நகுலாவுக்கு அது எது என்று கேட்கவில்லை.

பெருநிலத்துத் துறையில் கப்பல் கட்டும்போது காலை ஒன்பது மணி. விமானநிலையத்துக்குப் போகிற பேருந்து இன்னும் வரவில்லை. நகுலா பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தபோது தொலைபேசி அடித்தது. கிளிநொச்சியில் அப்போது மத்தியானம், பள்ளிக்கூடம் இல்லாத நாள், தங்கை சந்தைக்குப் போகிற நேரம்.

“அம்மா” என்றாள் ஆரணி. “ஒராள் வந்திருக்கிறார்.”

“ஆர்?”

“பேர் சொல்லேல்லை. நரைச்ச ஆள். ஆனா அம்மா, அவற்ற மூக்கு என்ர மூக்கு மாதிரியே இருக்கு.”

நகுலா எழுந்து நின்றாள். பதினான்கு வருஷமாக நெஞ்சுக்குள் மடங்கிக் கிடந்த ஏதோ ஒன்று விரியப் பார்த்தது. சிரிப்பா அழுகையா என்று அதற்கே தெரியவில்லை. “எங்க நிக்கிறார்? படலையடியிலயோ? சித்தி வரட்டும் பிள்ளை. சித்தி வரும்வரைக்கும் கதவைத் திறக்காதை.”

“நான் அப்பவே திறந்திட்டன் அம்மா. கதிரை குடுத்தனான், இருக்கிறார்.” மகளின் குரல் அமைதியாக இருந்தது, சற்றே ஆச்சரியமாகவும் இருந்தது. “இஞ்ச மழை பெய்து நாலு மாசமாச்சு, கிணறும் வத்திப்போச்சு. இவரில இருந்து தண்ணி வடிஞ்சுகொண்டே இருக்கு அம்மா. நான் துடைக்கத் துடைக்க வருது. இப்ப அறைக்குள்ளயும் போயிட்டுது.”

“ஆரணி, நீ வெளிய வா. பக்கத்து வீட்டை போய் நில்.”

“ஏன் அம்மா? பாவம், களைச்சுப்போய் வந்திருக்கிறார்.” மறுமுனையில் கதிரையொன்றை இழுத்து அரக்குகிற சத்தம் கேட்டது. “என்ர பல்லு எப்பிடி உடைஞ்சது எண்டு கேட்கிறார்.”

பேருந்து வந்து நகுலாவுக்கு முன்னால் நின்று கதவைத் திறந்தது. வீடு போய்ச் சேர அவளுக்கு இன்னும் மூன்று விமானமும், ஒரு பகலும், ஒரு இரவும், மறுபடி ஒரு பகலும் இருந்தன.